மாதிரி நீர்மூழ்கிக்கு வால் கட்டுவது: சுழல்தண்டும் சுக்கானும் பொருத்தும் முறை

ரிமோட்டில் ஓடும் மாதிரி நீர்மூழ்கியில் புதியவர்கள் கைவிடும் இடம் பெரும்பாலும் வால்தான். கூட்டை வார்த்துவிடலாம், மின்சுற்றை யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம். நான்கு சுக்கான்கள், அவற்றின் நடுவே ஓடும் ஒரு தண்டு, இவை எல்லாவற்றையும் கைவிரல் நுழையாத ஒரு கூம்புக்குள் அடைக்க வேண்டும் என்று வரும்போது வேலை அலமாரிக்குப் போய்விடுகிறது. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் என்று டர்பனைச் சுற்றி இருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். கடை, பட்டறை பற்றிச் சொல்வதெல்லாம் அந்த ஊர்க் கணக்கு. அளவுகள் எந்த ஊருக்கும் பொருந்தும்.

எடுத்துக்காட்டுக்கு, சைமன்ஸ் டவுனில் நிற்கும் தென்னாப்பிரிக்கக் கடற்படையின் 209 வகை நீர்மூழ்கியையே எடுத்துக்கொள்வோம். உண்மையான நீளம் 62 மீட்டர். 60-இல் ஒரு பங்காகக் குறைத்தால் 103 செ.மீ. வால் சிலுவை வடிவம்: மேலும் கீழும் செங்குத்துச் சுக்கான், இரு பக்கமும் கிடைச்சுக்கான், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே புரொப்பெல்லர். கட்டுவதற்குக் கடினமான அமைப்பும் இதுதான். இது வந்துவிட்டால் மற்றவை எளிது.

1. எது நனையும், எது நனையக்கூடாது: முதலில் கோடு போடுங்கள்

கூடு முழுவதும் தண்ணீர் புகும்படி விட்டு, மோட்டார், பேட்டரி, சுக்கானைத் திருப்பும் சர்வோ எல்லாவற்றையும் உள்ளே ஒரு நீர்புகா உருளையில் வைப்பதே நடைமுறை. அதை இங்கே உலர் உருளை என்போம். 90 மி.மீ. அக்ரிலிக் குழாய் இதற்குப் போதும்.

ஒரு தாளில் படகைப் பக்கவாட்டில் வரைந்து, உருளையின் பின்மூடி இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு போடுங்கள். தண்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் வர வேண்டியது அந்தக் கோட்டில் மட்டும். புதியவர்கள் வாலின் கடைசியில், புரொப்பெல்லருக்குப் பக்கத்தில், கிரீஸ் அடைத்த குழாயையும் சீலையும் பொருத்திவிடுவார்கள். மிதக்கும் படகில் அது சரி. இங்கே அந்தச் சீலுக்கு முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர். எதையும் தடுக்காது, மோட்டாரின் சக்தியை மட்டும் தின்னும். வாலில் ஓடும் தண்டுக்குத் தண்ணீரே எண்ணெய்.

ஆகவே தண்டு இரண்டு துண்டு. ஒன்று உருளையின் மூடி வழியாக சீலைக் கடந்து வெளியே வரும் குட்டித் தண்டு. மற்றது வாலில் நனைந்தபடி ஓடும் நீளத் தண்டு. இரண்டையும் ஒரு கப்ளிங் இணைக்கும். உருளையைக் கழற்ற வேண்டிய நாளில் இந்தப் பிரிவின் அருமை தெரியும்.

2. என்னென்ன வாங்க வேண்டும்

தண்டுக்கு 4 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி, 316 தரம் கிடைத்தால் அது, இல்லையேல் 304. கடைக்காரர் ‘சில்வர் ஸ்டீல்’ என்று பளபளப்பாக ஒன்றை நீட்டுவார். பெயரில்தான் வெள்ளி, தண்ணீரில் துருப்பிடிக்கும். வாங்கும்போதே கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பாருங்கள். கம்பிக்கும் கண்ணாடிக்கும் இடையே வெளிச்சம் துள்ளினால் வேறு கம்பி கேளுங்கள். வளைந்ததை நிமிர்த்திக்கொள்ளலாம் என்று எடுத்து வராதீர்கள்.

வால் குழாய்க்கு 8 மி.மீ. வெளி விட்டம், 7 மி.மீ. உள் விட்டமுள்ள பித்தளைக் குழாய். எதிரெதிர்ச் சுக்கான்களை இணைக்கும் நுகத்துக்கு (8-ஆம் பகுதி) 6 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. தடிப்புள்ள பித்தளைப் பட்டை. சுக்கான் கம்பிக்கு 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ், சர்வோவிலிருந்து நுகத்துக்குப் போகும் தள்ளுகம்பிக்கு 2 மி.மீ. ஸ்டெயின்லெஸ். கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகாணி) எல்லாம் ஸ்டெயின்லெஸ்தான். கறுப்பு நிறத்தில் வருவது சாதாரண எஃகு. இரண்டு வாரத்தில் துருவேறி அறுகோணக் குழி உருண்டுவிடும், பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க முடியும்.

தண்டைத் தாங்கிச் சுற்றவிடும் புஷ்ஷுக்கு நைலான் வேண்டாம். நைலான் தண்ணீரைக் குடித்து உப்பும். காய்ந்தபோது சுகமாகச் சுற்றிய தண்டு, குளத்தில் ஒரு மணி நேரம் கிடந்ததும் பிடித்துக்கொள்வது அதனால்தான். பாஸ்பர் வெண்கலம், அசிட்டால் இரண்டும் நல்லவை. இந்த நாட்டிலேயே செய்யப்படும் வெஸ்கோனைட் என்ற பிளாஸ்டிக் தண்ணீரில் உப்பாது என்பதற்காகவே பம்புகளில் புஷ்ஷாகப் போடுகிறார்கள். பேரிங் கடைகளில் உருளைத் தடியாகக் கேட்டுப் பாருங்கள். நமக்கு வேண்டியது விரல் நீளம்தான், வெட்டித் துண்டு இருந்தால் தரச் சொல்லுங்கள்.

ஜேக்கப்ஸ், பைன்டவுன், நியூ ஜெர்மனி போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் பித்தளை, வெண்கல வியாபாரிகளும் பேரிங், சீல் கடைகளும் உண்டு. சீல் கடைக்கு அளவை எழுதிக்கொண்டு போவதைவிட, தண்டின் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது. அவர்களுடைய வியாபாரம் பம்பும் கியர்பாக்ஸும், 4 மி.மீ. தண்டுக்கான சீல் கையிருப்பில் இல்லாமல் போகலாம். நமக்கு வேண்டியது 4×8×2, அதாவது தண்டு 4, வெளி விட்டம் 8, தடிப்பு 2, நைட்ரைல் ரப்பர். இரண்டு தேவை, நான்காக வாங்குங்கள்.

3. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது: காகிதம், வரி, நாள்

பல இதழ் புரொப்பெல்லர், சின்ன ஓ-ரிங், பந்து இணைப்பு போன்றவற்றை வெளிநாட்டுக் கடைகளிலிருந்து வரவழைக்க நேரும். பொருளின் விலையை மட்டும் பார்த்து மனக்கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

இறக்குமதி வாட் வரி 15 விழுக்காடு. ஆனால் அது நீங்கள் கொடுத்த விலையின் மேல் வருவதில்லை. முறைப்படி, சுங்க மதிப்பின் மேல் 10 விழுக்காடு கூட்டி, சுங்கத் தீர்வை இருந்தால் அதையும் கூட்டி, அந்த மொத்தத்துக்கே 15 விழுக்காடு. 1,000 ரேண்டு பொருளுக்குத் தீர்வை இல்லையென்றே வைத்துக்கொண்டாலும் 1,100-க்கு 15 விழுக்காடு, 165 ரேண்டு. இதன் மேல் கூரியர் நிறுவனம் தன் சுங்க வேலைக்குத் தனிக் கட்டணம் வாங்கும். அது பொருளின் விலையோடு ஏறி இறங்குவதில்லை. ஆகையால் நாலு வாஷருக்கு ஒரு பார்சல், பிறகு ஒரு புரொப்பெல்லருக்கு ஒரு பார்சல் என்று வரவழைப்பவர் கட்டணத்தை இரண்டு முறை கட்டுகிறார். பட்டியலை முடித்துவிட்டு ஒரே தடவை வரவழையுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: விற்றவர் தந்த இன்வாய்ஸ், பணம் கட்டிய சான்று, கூரியர் கேட்டால் அடையாள அட்டை எண். இன்வாய்ஸில் பொருளின் பெயர் விளங்கும்படி இருக்கட்டும். ‘நீர்மூழ்கி உதிரி பாகம்’ என்று மொட்டையாக எழுதியிருந்தால் யாராவது ஒருவர் பார்சலைத் தூக்கித் தனியே வைப்பார். ‘பொழுதுபோக்கு மாதிரிப் படகுக்கான பித்தளைப் புரொப்பெல்லர், 1’ என்று எழுதச் சொல்லுங்கள். விலையைக் குறைத்தோ ‘அன்பளிப்பு’ என்றோ போடச் சொல்ல வேண்டாம். பணம் கட்டிய சான்றைக் கேட்கும்போது இரண்டும் ஒத்துப்போகாது.

நாள்: ஆறு வாரம் ஒதுக்குங்கள். நவம்பர் கடைசியில் வரவழைக்காதீர்கள். தள்ளுபடி விற்பனையில் பார்சல்கள் குவியும் காலம் அது. அதை அடுத்து டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை பட்டறைகள் அடைப்பு. தண்டும் புஷ்ஷும் அதற்குள் கடைந்து வராவிட்டால் காவடி மாதத்தில்தான் கையில் கிடைக்கும்.

4. லேத் பட்டறைக்குக் கொடுக்கும் தாள்

உங்களிடம் லேத் இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். இல்லாதவர்கள் கவனியுங்கள்: பட்டறையில் விலை பெரும்பாலும் இயந்திரத்தைத் தயார் செய்யும் நேரத்துக்குத்தான், உலோகத்துக்கு அல்ல. எல்லாப் பாகங்களையும் ஒரே நாளில், ஒரே தாளில் கொடுங்கள்.

வாய்மொழியாக ‘4 மி.மீ. துளை’ என்றால் 4.00-இலேயே துளைபோட்டுத் தருவார்கள். 4 மி.மீ. கம்பி அதில் சுற்றாது. தாளில் இப்படி எழுதுங்கள்:

வால் புஷ், 2 எண்ணிக்கை: நீளம் 12, வெளி விட்டம் 6.97, துளை வெண்கலமானால் 4.03 முதல் 4.05, பிளாஸ்டிக்கானால் 4.08 முதல் 4.10.

சீல் கூடு, 1: 8.00 முதல் 8.02 விட்டத்தில் 4.2 ஆழக் குழி, அதற்குப் பின்னால் 10 நீளத்துக்கு 4.03 துளை. குழியும் துளையும் ஒரே பிடிப்பில் கடைய வேண்டும்.

கடைசி வாக்கியத்தை அடிக்கோடிடுங்கள். பாகத்தைக் கழற்றி மறுபக்கம் திருப்பிப் பிடித்துக் குழி கடைந்தால் இரண்டின் மையமும் நூலளவு விலகும். சீலின் உதடு, அதாவது தண்டைத் தொடும் உள்விளிம்பு, ஒருபக்கம் நசுங்கி மறுபக்கம் தளர்ந்து நிற்கும். சீலை எத்தனை முறை மாற்றினாலும் அந்தக் கசிவு நிற்காது.

தண்டின் நுனியில் எம்4 மரை போடுவதையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள். வீட்டில் செய்வதானால் கம்பியை 3.95-க்குத் தேய்த்து, வெட்டெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. ஸ்டெயின்லெஸ்ஸை வெட்டாமல் தேய்த்துக்கொண்டே இருந்தால் அது இறுகிப்போய் மரை வெட்டும் டையையே கெடுக்கும்.

5. தண்டின் நேர்க்கோடு

முதல் கோணல் முற்றும் கோணல் என்பது இந்த வேலைக்கே சொன்னது போலிருக்கும். சுக்கான்களைத் தொடுவதற்கு முன் தண்டு உட்கார வேண்டும். மற்ற எல்லாமே அதைச் சுற்றித்தான் வரும்.

புஷ்களைக் குழாயின் இரு முனையிலும் செருகி ஒட்டுங்கள், தண்டை உள்ளே வைத்தபடியே. குழாயின் மேற்பக்கத்தில் 2 மி.மீ. துளை இரண்டு போடுங்கள். காற்று வெளியேறவும் தண்ணீர் புகவும் அது வழி. இல்லையென்றால் குழாயில் சிக்கிய காற்று ஒவ்வொரு முறை மூழ்கும்போதும் வாலின் எடையை வேறு வேறாகக் காட்டும்.

அடுத்து உலர் உருளையை அதன் இருக்கையில் வையுங்கள். குட்டித் தண்டையும் வால் தண்டையும், கப்ளிங் இல்லாமல், 4 மி.மீ. துளையுள்ள 30 மி.மீ. நீளப் பித்தளைத் துண்டு ஒன்றால் இறுக்கமாக இணைத்துவிடுங்கள். இப்போது இரண்டும் ஒரே நேரான கம்பி. வால் குழாய் தானாகவே சரியான இடத்துக்கு வந்து நிற்கும். அது நிற்கும் இடத்தைக் கூடு ஏற்கவில்லை என்றால் கூட்டை அரத்தால் தேயுங்கள், குழாயை நெம்பாதீர்கள்.

எபாக்சியை இரண்டு புள்ளியில் மட்டும் வைத்து 24 மணி நேரம் விடுங்கள். விரலால் சுற்றிப் பாருங்கள். வைத்தபோது சுற்றியது போலவே சுற்றினால் மீதியையும் ஒட்டலாம். ஒரேயடியாக நிறையக் கொட்டினால் எபாக்சி சூடேறிச் சுருங்கும்போது குழாயை இழுத்துக்கொண்டு போகும். ஐந்து நிமிட எபாக்சி இங்கே வேண்டாம். தண்ணீரில் ஊறினால் அது இளகும், டர்பன் பிப்ரவரி வெயிலில் காரின் பின்பெட்டியில் கிடந்தாலும் இளகும்.

ஒட்டி முடித்தபின் அந்தப் பித்தளைத் துண்டைக் கழற்றிவிட்டு உண்மையான கப்ளிங்கைப் போடுங்கள். நாங்கள் பரிந்துரைப்பது எளிமையானது: ஒரு தண்டின் முனையில் 2 மி.மீ. குறுக்கு ஊசி, மற்றதில் 2.2 மி.மீ. அகலப் பள்ளம் வெட்டிய குமிழ். உருளையை முன்னே இழுத்தால் கழன்றுவிடும், திருகாணி தேட வேண்டாம். ரப்பர் குழாயைக் கப்ளிங்காகச் செருகுவதும் உண்டு. பின்னோக்கி ஓட்டும்போது அது முறுக்கிக்கொள்ளும். அலுமினியக் கப்ளிங் குளோரின் குளத்தில் வெள்ளைப் பொடி பூக்கும்.

கியர் மோட்டார் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 37 மி.மீ. விட்டமுள்ள கியர் மோட்டார்களில் வருவது 6 மி.மீ. தண்டு, அதுவும் ஒருபக்கம் தட்டையானது. அதை நேரே சீல் வழியாக வெளியே விட முடியாது. தட்டைப் பக்கத்தில் தண்ணீர் உள்ளே வரும். உருளைக்குள்ளேயே 6-க்கு 4 கப்ளிங் போட்டு, முழு வட்டக் குட்டித் தண்டைச் சீலில் விடுங்கள்.

6. தள்ளு விசையும் புரொப்பெல்லர் மரையும்

புரொப்பெல்லர் முன்னோக்கித் தள்ளும் விசை முழுவதும் தண்டின் வழியே வருகிறது. அதை எங்காவது நிறுத்தாவிட்டால் மோட்டாரின் கியர்பாக்ஸில் போய் இடிக்கும். பின் புஷ்ஷுக்கும் புரொப்பெல்லர் நட்டுக்கும் நடுவே ஒரு டெஃப்லான் வாஷர், முன் புஷ்ஷுக்கு முன்னால் ஒரு காலரும் வாஷரும். முதலாவது முன்னோட்ட விசையை ஏற்கும், இரண்டாவது பின்னோட்டத்தை. இரண்டுக்கும் நடுவே 0.2 முதல் 0.3 மி.மீ. ஆட்டம் இருக்கட்டும். ஒரு தபால் அட்டைத் துண்டைச் செருகி இறுக்கி, உருவிவிட்டால் அந்த இடைவெளி கிடைக்கும்.

வலச்சுற்றுப் புரொப்பெல்லரைச் சாதாரண வலமரையில் போட்டால், முன்னே ஓடும்போது தண்ணீரின் எதிர்ப்பு அதைக் கழற்றப் பார்க்கும். இடச்சுற்றானால் பின்னே ஓடும்போது கழலும். எதுவானாலும் புரொப்பெல்லருக்கு முன்னால் ஒரு நட்டைப் போட்டு, இரண்டையும் ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டுங்கள். கலங்கிய அணைக்கட்டில் பித்தளைப் புரொப்பெல்லரைத் தேடுவது நடக்கிற காரியமல்ல.

7. சீல்

ஆழத்தைப் பற்றிய பயம் தேவையில்லை. இரண்டு மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 0.2 பார். 4 மி.மீ. தண்டின் முனையில் அது கால் நியூட்டன், ஒரு சிறு எலுமிச்சம்பழத்தின் எடைகூட இல்லை. சீல் தோற்பது அழுத்தத்தால் அல்ல, பொருத்திய விதத்தால்.

உதட்டின் திறந்த பக்கம் தண்ணீரைப் பார்க்க வேண்டும். வெளி அழுத்தம் உதட்டைத் தண்டோடு சேர்த்து அமுக்கும். திருப்பிப் போட்டால் அதே அழுத்தம் உதட்டைத் தூக்கிவிடும். இரண்டு சீலையும் ஒரே திசையில் வைத்து, நடுவே சிலிக்கோன் கிரீஸ் அடையுங்கள். உலர்ந்த உதட்டோடு மோட்டாரை ஓட்டிப் பார்க்காதீர்கள், சில நொடிகளில் கருகிவிடும். கிரீஸ் நைட்ரைலை ஒன்றும் செய்யாது. ஆனால் உங்கள் சீல் சிலிக்கோன் ரப்பரானால் சிலிக்கோன் கிரீஸ் அதை ஊதவைக்கும்.

தண்டைச் செருகும்போது அதன் முனையை 1200 எண் தண்ணீர்த் தாளால் உருட்டுங்கள். மரை இருந்தால் மேலே ஒரு சுற்று டேப் ஒட்டி, அதன் மேலாகச் சீலை நழுவவிடுங்கள். புதுச் சீல் முதல் நாளே கசிந்தால் பத்துக்கு ஒன்பது முறை மரைதான் அறுத்திருக்கும்.

8. நுகம்

சிலுவை வாலின் சிக்கல் இங்கேதான். இடது, வலது கிடைச்சுக்கான்கள் ஒன்றாகத் திரும்ப வேண்டும். இரண்டையும் ஒரே கம்பியால் இணைக்கலாம் என்றால் நடுவே தண்டு போகிறது. மாட்டின் கழுத்தைச் சுற்றி நுகம் போவது போல, தண்டுக் குழாயைச் சுற்றி வளைந்து இரு பக்கக் கம்பிகளையும் சேர்க்கும் ஒரு துண்டு வேண்டும். செங்குத்துச் சுக்கான்களுக்கும் அதே போல இன்னொன்று.

அளவு: நமது குழாயின் வெளி விட்டம் 8. நுகத்தின் உள் அகலம் 10, அதாவது பக்கத்துக்கு 1 மி.மீ. இடைவெளி. கம்பியின் அச்சிலிருந்து வளைவின் உட்புறம் வரை உயரம் 8. சுக்கான் 30 பாகை திரும்பும்போது நுகம் சாய்ந்து அந்த உயரம் 6.9-ஆகக் குறையும். பட்டையின் விளிம்பு சாய்ந்து இன்னும் 1.5 இறங்கும், குழாயின் ஆரம் 4 என்பதால் 1.4 மிச்சம். உயரத்தை 5-ஆக வைத்தால் மேசையில் சரியாகத்தான் தெரியும், திருப்பும்போது குழாயில் உரசும். தள்ளுகம்பி பிடிக்கும் துளை அச்சிலிருந்து 12 மி.மீ. உயரத்தில் வரட்டும், வளைவின் மேல் ஒரு சின்னக் காதை வைத்துப் பற்றவையுங்கள்.

கிடைச்சுக்கானின் நுகம் தண்டுக்கு மேலே வளையட்டும், செங்குத்தின் நுகம் பக்கவாட்டில். இரண்டு அச்சும் நீளவாக்கில் 15 மி.மீ. தள்ளியிருக்க வேண்டும். கணக்கு இதுதான்: 12 மி.மீ. கை 30 பாகையில் 6 மி.மீ. நகரும், பட்டையின் பாதி அகலம் 3, மற்ற நுகத்தின் குமிழ் (சுக்கான் கம்பியைப் பிடிக்கும் சிறு உருளை) ஆரம் 3, இடைவெளிக்கு 3. இரண்டையும் ஒரே அச்சில் வைக்கச் சொல்லும் வரைபடங்கள் உண்டு. முதல் படகில் அதை முயல வேண்டாம். வெளியே தெரியும் சுக்கானின் இடத்தை மாற்றாமல், உள்ளே அச்சை மட்டும் சில மி.மீ. நகர்த்தினால் பார்ப்பவர் யாருக்கும் தெரியப்போவதில்லை.

செய்முறை. பட்டையை 40 மி.மீ. வெட்டுங்கள். மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை காய்ச்சி ஆறவிடுங்கள், அப்படியே வளைத்தால் மூலையில் வெடிக்கும். 10 மி.மீ. இரும்புக் கட்டையின் மேல் வைத்து இரு பக்கமும் மடக்குங்கள். துளையை வளைத்த பிறகே போட வேண்டும், கட்டை உள்ளே இருக்கும்போதே, 3 மி.மீ. துளையூசியை இரு கையும் கடந்து ஒரே மூச்சில் இறக்குங்கள். முன்கூட்டியே தட்டையாக அளந்து துளைத்தவை வளைத்தபின் ஒருபோதும் நேருக்கு நேர் வராது.

அடுத்து குமிழ்கள். 6 மி.மீ. பித்தளைத் தடியில் 3 மி.மீ. துளையுடன் 6 மி.மீ. நீளத் துண்டுகள் இரண்டு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 1.6 மி.மீ. துளைபோட்டு எம்2 மரை. இவற்றை நுகத்தின் கைகளுக்கு வெளிப்புறம் வைத்து வெள்ளிப் பற்றவைப்புச் செய்ய வேண்டும். இரண்டும் ஒரே அச்சில் நிற்க, 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பியைப் பென்சில் கரியால் நன்றாகக் கறுப்பாக்கி எல்லாவற்றின் ஊடாகவும் கோத்துவிடுங்கள். கரி பூசிய இடத்தில் பற்று ஒட்டாது, ஆறியதும் கம்பியை உருவிவிடலாம். காதையும் அதே சூட்டில் சேர்த்துப் பற்றவைத்துவிடுங்கள். 55 விழுக்காடு வெள்ளியுள்ள கம்பி 650 பாகையை ஒட்டி உருகும். பித்தளை உருக இன்னும் 200 பாகைக்கு மேல் வேண்டும் என்றாலும் சின்னத் துண்டு சட்டென்று சூடேறும், சுடரை ஓரிடத்தில் நிறுத்தாதீர்கள். தாத்தா பட்டறையில் கிடந்த பழைய வெள்ளிக் கம்பியில் காட்மியம் இருக்கக்கூடும். அதன் புகை நஞ்சு. காட்மியம் இல்லை என்று எழுதியிருப்பதையே வாங்கி, கதவைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். சாதாரண ஈயப் பற்று இந்த மூட்டுக்குப் போதாது; சுக்கான் ஒருமுறை குளத்தின் சுவரில் இடித்தால் விட்டுவிடும்.

கம்பிகளை நுகத்தோடு நிரந்தரமாகச் சேர்க்காமல் ஏன் கிரப் ஸ்க்ரூ? இரு பக்கமும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் நுகத்தை மூடிய வாலுக்குள் நுழைக்க முடியாது. நுகத்தை உள்ளே வைத்து, சுக்கானை வெளியிலிருந்து செருகிப் பூட்டுவதே வழி. அதற்குத் திருகுசாவி போக ஒரு துளையோ கழற்றும் மூடியோ கூட்டில் வேண்டும். கூட்டை ஒட்டி, வண்ணம் பூசிய பிறகு இது நினைவுக்கு வந்தால் பயனில்லை. குமிழ்கள் மையத்திலிருந்து பக்கத்துக்கு 12.5 மி.மீ. நீளும் என்பதால் அந்த இடத்தில் வாலின் உள் விட்டம் 30 மி.மீ.க்குக் குறையக்கூடாது. கம்பியின் முனையில் கிரப் ஸ்க்ரூ உட்காரும் இடத்தை அரத்தால் தட்டையாக்குங்கள். முனை நுகத்தின் உட்புறத்தைத் தாண்டி நீளக்கூடாது, அங்கே இருப்பது ஒரே ஒரு மி.மீ.

9. சுக்கான் தகடு

0.5 மி.மீ. பித்தளைத் தகட்டோடு கம்பியைச் சேர்த்துப் பற்றவைத்து, இரு பக்கமும் ஸ்டைரீன் ஒட்டி வடிவமாகத் தேயுங்கள். ஸ்டெயின்லெஸ் கம்பியை ஈயத்தால் பற்றவைக்கப் பாஸ்பாரிக் அமில ஃபிளக்ஸ் வேண்டும், வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கம்பியின் அச்சு, முன்விளிம்பிலிருந்து அகலத்தின் 20 முதல் 25 விழுக்காட்டுக்குள் வரட்டும். அதற்கும் பின்னால் போனால் சுக்கான் தானே திரும்பத் துடிக்கும், சர்வோ அதைப் பிடித்துக்கொண்டே ஓயும். கூட்டில் கம்பி நுழையும் இடத்துக்கு 4 மி.மீ. பித்தளைக் குழாய்த் துண்டே புஷ்.

10. தள்ளுகம்பியும் சர்வோவும்

சர்வோ உலர் உருளைக்குள். அதிலிருந்து 2 மி.மீ. கம்பி மூடியைக் கடந்து வெளியே வரும். அங்கே 2×1 ஓ-ரிங், அதாவது உள் விட்டம் 2, தடிப்பு 1. அது உட்காரும் குழியின் விட்டம் 3.75, அகலம் 1.4. ஓ-ரிங் எட்டில் ஒரு பங்கு நசுங்கி நிற்கும் அளவு இது. 4 மி.மீ. குழி போட்டால் நசுங்கவே நசுங்காது, 3.5 போட்டால் சர்வோ முனகும்.

புதியவர் கவனிக்காத ஒன்று: நுகத்தின் காது நேர்க்கோட்டில் போவதில்லை, வட்டத்தில் போகிறது. 30 பாகையில் 1.6 மி.மீ. கீழே இறங்கும். ஓ-ரிங் வழியே வரும் கம்பியை நேரே காதில் மாட்டினால் அந்த 1.6 மி.மீ.யும் கம்பியைப் பக்கவாட்டில் அமுக்கி, ஓ-ரிங்கை ஓவல் ஆக்கிக் கசியவிடும். கம்பியை மூடிக்கு வெளியே சிறிது தூரத்தில் முடித்து, அங்கிருந்து காது வரை இரு முனையிலும் மூட்டுள்ள 70 மி.மீ. இணைப்புத் துண்டு ஒன்றைப் போடுங்கள்.

நகர்வுக் கணக்கு எளிது. 12 மி.மீ. காதுக்கு 30 பாகை வேண்டுமென்றால் இரு பக்கமும் 6 மி.மீ. சர்வோ 45 பாகை திரும்பினால் 8.5 மி.மீ. கை அதைத் தரும். கிடைச்சுக்கானுக்கு 20 பாகையே போதும். அதற்கு மேல் கொடுத்தால் படகு மூக்கைக் குத்திக்கொண்டு தரையில் நிற்கும்.

11. கசிவுச் சோதனை: ஊதாதீர்கள், உறிஞ்சுங்கள்

உருளைக்குள் காற்றை ஊதி, தொட்டியில் குமிழி பார்ப்பது பழைய வழக்கம். உதட்டுச் சீலுக்கு அது தவறான சோதனை. உள் அழுத்தம் உதட்டைத் தூக்கிவிடும், நல்ல சீலும் கசிவதாகக் காட்டும். மூடி தெறிக்கும் அபாயம் வேறு. வெளியே தண்ணீர் அமுக்குவதைப் போல இருக்க வேண்டுமென்றால் உள்ளிருந்து காற்றை உறிஞ்ச வேண்டும்.

மூடியில் ஒரு குழாய் முனை வைத்து, டி இணைப்பு போட்டு, ஒருபுறம் மருந்துக் கடையில் கிடைக்கும் 60 மி.லி. ஊசிக்குழலும் மறுபுறம் யு-வடிவில் தொங்கும், தண்ணீர் பாதி நிரம்பிய தெளிவான குழாயும் மாட்டுங்கள். ஊசிக்குழலின் குழாயில் மூடும் கிளிப் ஒன்றும் வேண்டும். உள்ளே ஒன்றரை லிட்டர் காலி இடம் இருந்தால் ஒரு முழு இழுப்பில் யு-குழாயின் இரு மட்டத்துக்கும் 40 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக வித்தியாசம் வரும். கிளிப்பைப் பூட்டி அரை மணி நேரம் பாருங்கள். மோட்டாரையும் சர்வோக்களையும் ஓட்டியபடி இன்னொரு அரை மணி. நின்ற தண்டில் கசியாதது சுற்றும்போது கசியும்.

நிழலில் செய்யுங்கள். உள்ளிருக்கும் காற்றின் சூடு ஒரு பாகை மாறினாலே மட்டம் 3.5 செ.மீ. நகரும். ஜன்னல் வெயில் பட்டு மட்டம் இறங்கியதைப் பார்த்து நல்ல சீலைப் பிரித்தவர்கள் உண்டு.

மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தையும் இப்போதே குறித்துவையுங்கள்: மோட்டார் தனியாக, சீலோடு, வால் தண்டோடு என்று மூன்று எண்கள். மூன்றாவது எண் இரண்டாவதைவிடச் சற்றே கூட இருந்தால் போதும். ஒன்றரை மடங்காக இருந்தால் நேர்க்கோடு போய்விட்டது, 5-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

12. தண்ணீரில்

முதல் ஓட்டம் வீட்டுக் குளியல் தொட்டி, அடுத்தது நீச்சல் குளம். நகராட்சிக் குளமானால் பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக் கையில் வைத்திருங்கள், காலை நேரத்துக்குக் கேளுங்கள். ஆற்று முகத்துவாரமான ப்ளூ லகூன் பக்கம் தண்ணீர் கடல் ஓதத்தோடு ஏறி இறங்கும், உப்பும் மணலும் கலந்தது. நனைந்து ஓடும் புஷ்களுக்கு அந்த மணல் எமன்.

ஓட்டி முடித்ததும் வாலை நல்ல தண்ணீரில் அலசி, தண்டை விரலால் பத்துச் சுற்று சுற்றிவிட்டு, மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி வடியவிடுங்கள். கிரப் ஸ்க்ரூக்களை முதல் மூன்று ஓட்டத்துக்கும் ஒவ்வொரு முறையும் இறுக்கிப் பாருங்கள். சீலில் கிரீஸை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாம், டிசம்பரில் கடைகள் அடைப்பதற்கு முன் ஒரு ஜோடி சீல் கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டு.